சீவி எறிந்த கொழுப்பு

உங்களுக்கு எதற்கு அது? வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அந்த வாளியில் கிடப்பது யாருடையது, எந்த ஊர், ஆள் தேறுமா தேறாதா என்று மூன்று கேள்வி. ஓய்வு பெற்றுப் போனவள், இந்தப் பக்கம் வந்தேனே, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால், போலீஸ்காரர் மாதிரி சுற்றி நின்று விசாரிக்கிறீர்கள். வாளியில் ஒட்டியிருக்கிற நம்பர் போதும் நமக்கு. நம்பருக்கு ஊர் கிடையாது, மாமியார் கிடையாது, எதிர்வீட்டுச் சண்டை கிடையாது. பேரைப் படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

எனக்கு ஒரு தடவை ஓடவில்லை. அதை வேண்டுமானால் சொல்கிறேன். ஆளின் பேர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். குரும்பகரம் என்று நினைத்தால் குரும்பகரம், வரிச்சிக்குடி என்று நினைத்தால் வரிச்சிக்குடி. நான் பிறந்தது ஒன்று, வாழ வந்தது ஒன்று. எது எது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என் வீட்டுக்கு எதிர்வீடு மூன்று இருக்கிறது. மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லோருக்கும் நான் பேபியக்கா. அறுபது வயதில் வழியனுப்பியபோதும் கேக்கில் பேபி என்றுதான் எழுதியிருந்தார்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் நடவு நாட்களில் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டு படிப்பேன், அதுவும் பஸ் நின்றால். பல வருஷம் வார்டில் ஆயாவாக இருந்துவிட்டு, முட்டி வலி வந்த பிறகு வார்டு வார்டாக நாள் முழுக்க நடக்க முடியாது என்று இந்த அறைக்கு மாற்றினார்கள். அறுவை செய்து எடுத்தது எல்லாம் இங்கேதானே வருகிறது. டாக்டர் அதை வெட்டிப் பார்த்து, வேண்டிய துண்டுகளைச் சின்ன டப்பாவில் போடுவார். அது கண்ணாடியில் ஏறி, மைக்ராஸ்கோப்புக்குப் போய், நோய் எதுவரைக்கும் ஓடியிருக்கிறது என்று தாளில் எழுத்தாக வரும். நம் வேலை, வாளியைத் திறந்து, கெடாமல் இருக்க ஊற்றிய பார்மலின் போகக் கழுவி, பலகையில் எடுத்து வைப்பது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாண்டி நான் ஒரு அடி வைத்தேன்.

வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அதுவரை நான் கழுவி வைத்தது பித்தப்பை, குடல்வால், கர்ப்பப்பை. அன்று காலையில் முதல் வாளி பெரிய வாளி. உணவுக்குழாய், கூடவே இரைப்பையில் ஒரு பங்கு. எனக்கு வேலை சொல்லித் தந்த டெக்னீசியன் தங்கச்சி, சொந்தத்தில் கல்யாணம் என்று லீவு. நானும், முதல் போஸ்டிங்கில் வந்திருந்த சின்ன டாக்டர் தம்பியும்தான். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

வாளியிலிருந்து எடுத்துப் பலகையில் போட்டேன். பார்த்தால், குழாயைச் சுற்றிக் கொழுப்பு. தொங்குகிறது, ஒட்டுகிறது, பார்க்கவே அலங்கோலம். பிள்ளைகளா, எங்கள் வீட்டில் கிடா வெட்டினால் குடல் சுத்தம் பண்ணுவது என் வேலை. கொழுப்பை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தியை விட்டால், துணி உரிக்கிற மாதிரி வந்துவிடும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கிடாவுக்குக்கூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு. சின்ன டாக்டர் வருவதற்குள் சுத்தமாக ஆக்கி வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று, கத்தியை எடுத்துச் சீவிவிட்டேன். கட்டி இருந்த இடம் மட்டும் கையில் கல்லு மாதிரி பட்டது. அங்கே கத்தி வைக்கப் பயந்து அப்படியே விட்டேன். அன்றைக்கு என் பயம் செய்த ஒரே நல்ல காரியம் அது.

எரிக்கப் போகிற கழிவுக்கு மஞ்சள் பை உண்டே, அதில் புதிதாக ஒன்றைப் பிரித்துச் சீவியதைப் போட்டேன். பார்மலின் சொட்டியதால் உடனே கழுத்தை முறுக்கிக் கட்டி, வெளியே குப்பைத் தள்ளுவண்டியில் வைத்தேன். அது கொஞ்ச நேரத்தில் கீழே போய்விடும். மற்ற வாளிகளைத் திறக்க வேறு பை மாட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன டாக்டர் வந்தார். பலகையைப் பார்த்தார்.

"அடடே, நல்லா நீட்டா வச்சிருக்கீங்களே பேபியக்கா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் அளந்தார், வெட்டினார், டப்பாவில் போட்டார். மிச்சமிருந்த கொழுப்பைத் தடவித் தடவி எதையோ தேடினார். ஐந்து கிடைத்தது. எழுதிவிட்டு அடுத்த வாளிக்குப் போய்விட்டார்.

பதினொன்றரை மணிக்குப் பெரிய டாக்டரம்மா உள்ளே வந்தார். இந்த அறைக்கு அவர்தான் தலை. குரல் உயராது, நடை வேகப்படாது. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். சின்ன டாக்டர் எழுதிய தாளை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நோடு அஞ்சுதானா?"

"ஆமா மேடம். நல்லாத் தேடினேன். அவ்ளோதான் இருந்துச்சு."

"இவ்ளோ நீளக் குழாய்ல, இரைப்பையும் சேந்து, அஞ்சா?"

"அவ்ளோதான் மேடம்."

நோடு என்றால் என்னவென்று உங்களுக்கு இப்போது யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அன்று தெரியாது. காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிக்கட்டிதான். உடம்பு முழுக்க அங்கங்கே இருக்குமாம். உணவுக்குழாயைச் சுற்றி எங்கே இருக்கும்? கொழுப்புக்குள்ளே. நோய் குழாயை விட்டு வெளியே கிளம்பினால் முதலில் போய்த் தங்குகிற இடங்களில் ஒன்று அது. ஆக, கொழுப்பைத் தடவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, எத்தனை இருந்தது, அதில் எத்தனையில் நோய் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மேலே மருந்து கொடுக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்பது.

இதைத்தான் டாக்டரம்மா சின்ன டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த அஞ்சுலயும் ஒண்ணும் இல்லன்னு வச்சுக்கோ. பரவலன்னு எழுதுவ. சர்ஜன் அத நம்பி அனுப்பிடுவாரு. ஆனா நீ அஞ்சத்தான பாத்த? கொழுப்பு எங்க?"

"இருந்த கொழுப்பு அவ்ளோதான் மேடம்."

கொழுப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, நான் சீவி எறிந்ததைத்தான் தேடுகிறார்கள் என்று. ஒரு மூலையில் பலகை கழுவிக்கொண்டு நின்றேன். குழாயைத் திறந்து விட்டேன், தண்ணீர்ச் சத்தத்தில் நான் இருப்பது தெரியாமல் போகட்டும் என்று.

அப்போதுதான் டாக்டரம்மா, ஆள் யார் என்று பார்க்க, தாளின் தலைப்பை வாய்விட்டுப் படித்தார். பேர், வயது, ஊர்.

எதிர்வீட்டுக்காரி.

பதினொரு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. கலந்த சாதத் தட்டை எல்லோருக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்தபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி வாளி கழுவுற கையால எனக்கு வாணாம்" என்றாள். நாற்பது பொம்பளைகள் முன்னால். நான் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகு நான் வாசல் தெளித்தால் அவள் கதவைச் சாத்துவாள், அவள் கோலம் போட்டால் நான் சாத்துவேன். அவளுக்கு இட்லிகூடத் தொண்டையில் இறங்கவில்லை என்றும், ஏதோ பெரிய ஆபரேஷன் என்றும் தெருவில் பேசினார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வீம்பு.

இப்போது என் கை சீவியது அவளை.

அந்த இடத்தில் நின்று யோசித்ததை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சின்ன டாக்டர் சரியாகத் தேடவில்லை என்று அவர் தலையில் விழும், இளசு, தாங்கிக்கொள்வார். வாயைத் திறந்தால்? எதிர்வீட்டுச் சண்டையில் வேண்டுமென்றே செய்தாள் என்று நாளைக்கு ஊர் சொல்லும். வேலை போகலாம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது கீழே வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் பைகளை எரிக்க அள்ளிக்கொண்டு போகிற வண்டி.

தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"டாக்டரம்மா, கொழுப்ப நான்தாங்க சீவுனேன். சுத்தமா இருக்கட்டும்னு, கத்தியால. அவரு மேல தப்பில்லைங்க. பை கீழ வண்டிக்குப் போயிருக்கு."

சின்ன டாக்டர் என்னைப் பேய் அறைந்த மாதிரி பார்த்தார். டாக்டரம்மா பார்த்தது கடிகாரத்தை.

"திட்றதெல்லாம் அப்பறம். ஓடுங்க. பையப் பிரிக்காம நிறுத்துங்க. நான் வர்றேன்."

முட்டி வலியாவது ஒன்றாவது. படியில் நான் இறங்கிய வேகத்தைப் பார்த்து வார்டு ஆயாக்கள் நெருப்புப் பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள். பின்கட்டுக்குப் போனால் வண்டிக்காரர் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருக்கிறார். நான் நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, ஒரு பை திரும்ப வேணும்."

"விளையாடுறீங்களா பேபியக்கா? எல்லாம் ஸ்கேன் ஆயி கம்ப்யூட்டர்ல ஏறிட்டு. ஏத்துன பைய எறக்கக் கூடாது."

"எறக்கிட்டுப் போ, இல்லன்னா என் மேல ஏத்திட்டுப் போ."

"ஏத்துனா உங்களையும் மஞ்சப் பையிலதான் போடணும்."

"அவ்ளோ பெரிய பை உங்கிட்ட இருக்கா? மொதல்ல அத எடுத்துக் காட்டு."

சிரித்துவிட்டார். சிரித்த ஆள் கொஞ்சம் இளகுவார். பின் கதவைத் திறந்தார். உள்ளே அறுபது எழுபது பை, எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாம் ஒரே கனம். "எது உங்களுது?" என்றார். இப்போதுதான் எனக்கு மறுபடி உயிர் போனது.

ஆனால் ஒன்று இருந்தது. பையைப் பூட்ட பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள், உங்களுக்கும் கொடுத்திருப்பார்களே. எனக்கு அது வராது. பல்லில் போய் மாட்டாது, மாட்டினால் கழலாது. நான் ஒரு சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை முறுக்கி உள்ளே சொருகிவிடுவேன். நாற்றங்காலில் நாற்றுப் பறித்து, கைப்பிடி கைப்பிடியாக முடி கட்டுவோமே, அதே கட்டு. சின்ன வயசிலிருந்து ஆயிரக்கணக்கில் கட்டிய கை, வேறு மாதிரி கட்டத் தெரியாது. டெக்னீசியன் தங்கச்சிகூட அதற்காக என்னை நாலு தடவை திட்டியிருக்கிறாள். அன்று காலை நான் பிரித்தது இரண்டே பை. இரண்டாவது இன்னும் மேலே அறையில் மாட்டியிருந்தது. கட்டாத பை.

வண்டிக்குள் சணல் கட்டோடு இருந்தது ஒன்றுதான்.

வண்டிக்காரர் எடுத்து வெளியே வைத்தார். "பிரிச்சுப் பாத்துருங்க, அதானான்னு" என்றார். என் கையும் கட்டுக்குப் போனது. போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அங்கே நான் பிரித்தால், அதற்குள் இருப்பது அவளுடையதுதான், வேறு எதுவும் சேரவில்லை என்று யார் சொல்வார்கள்? நான் சொல்வேன். தப்புச் செய்தவள் வாய்ச்சொல்லை யார் எடுப்பார்கள்? பையின் மேல் கை வைத்து, கட்டைத் தொடாமல், குப்பைக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். டாக்டரம்மா தாளோடு வந்து, கையெழுத்துப் போட்டு, கட்டை அவர் கண்ணால் பார்த்து, மேலே தூக்கி வரச் சொன்னார்.

மேலே வந்ததும் கதவைச் சாத்தினார். பையைப் பிரிக்கவில்லை.

"பேபியம்மா, யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல. இந்தப் பையில வேற யாரோடதாச்சும் ஒரு துளி விழுந்துச்சா?"

"இல்லைங்க."

"யோசிச்சு சொல்லுங்கன்னேன்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வேறு ஒருவருடைய துண்டு கலந்திருந்தால், அதில் இருக்கிற நோயை இவள் கணக்கில் எழுதிவிடுவார்கள். இல்லாத நோய்க்கு மருந்து ஏற்றுவார்கள். அது நான் முதலில் செய்ததைவிடப் பெரிய பாவம். காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் பொய் சொல்லவும் கூடாது. கண்ணை மூடி, காலையிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். விளக்கைப் போட்டேன். கையுறை மாட்டினேன். பழைய பை நிறைந்திருந்தது, அதை முந்தின நாளே பட்டை போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். புதுப் பை பிரித்தேன். முதல் வாளி. சீவினேன். சொட்டியது. கட்டினேன். வெளியே வைத்தேன். அதற்குப் பிறகுதான் பித்தப்பை வாளியின் மூடியைத் திறந்தேன்.

"கையுறை ஒரு ஜோடி, தொடச்ச பேப்பரு நாலஞ்சு இருக்கும். வேற இல்லைங்க. இது கட்டுன பொறவுதான் ரெண்டாவது வாளியே தொறந்தேன்."

"இதுக்கு முன்னாடி வேற எதையாச்சும் இப்படிச் சீவியிருக்கீங்களா?"

"இதான் மொதலுங்க. குழாயே இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

நம்பினார். நம்பிவிட்டு, நான் வந்த நாளிலிருந்து வந்த வாளிகளின் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் பார்ப்பேன். பிறகு சொன்ன கணக்குப்படி கையுறையும் பேப்பரும் பையில் இருந்ததா என்று பார்த்த பின்தான் கொழுப்பைத் தட்டில் கொட்டினார்.

"எந்த நோடு எந்த எடத்துல இருந்துச்சுன்னு இனிமே சொல்ல முடியாது. அது போனது போனதுதான். எண்ணிக்கையாச்சும் சரியா வரட்டும்" என்றார் சின்ன டாக்டரிடம். என்னிடம் திரும்பி, "கையுறை மாத்திக்கிட்டு வாங்க. போட்ட ஆளே எடுக்கணும்" என்றார்.

"எனக்கு என்னங்க தெரியும்?"

"உளுந்துல கல்லு பொறுக்கத் தெரியுமில்ல? கண்ணால தேடாதீங்க. வெரலால தேடுங்க. கொழுப்பு நசுங்கும். நோடு நசுங்காது, நழுவும்."

நழுவியது, பிள்ளைகளா. இரண்டு விரலுக்கு நடுவில் கொழுப்பை வைத்து நசுக்கிக்கொண்டே போனால், ஏதோ ஒன்று மீன்குஞ்சு மாதிரி நழுவி ஓடும். ஓடுகிற இடத்தில் பிடித்துப் பிதுக்கினால், உளுந்து அளவு ஒன்று. இன்னொன்று மொச்சை அளவு. ஒன்று புளியங்கொட்டை. சின்ன டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் நான்கு எடுப்பதற்குள் நான் ஒன்பது எடுத்தேன். எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று. முதலில் எடுத்த ஐந்தையும் சேர்த்தால் பதினெட்டு. டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப இல்லன்னு சொன்னா நம்பலாம்" என்றார்.

நான் சொன்னேன், "வரப்புல நண்டு வளை தேடுறாப்லங்க. அஞ்சடி நடந்து பாத்துட்டு வளையே இல்லன்னு வீட்டுக்குப் போனா, காலைல வளை வழியா வயத் தண்ணியெல்லாம் வடிஞ்சு போயிருக்கும்."

"இத பரீட்சையில எழுது" என்றார் சின்ன டாக்டரைப் பார்த்து. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். உடனே போனை எடுத்து, ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிட்டு, எனக்கு எதிரிலேயே நடந்ததை நடந்தபடி சொன்னார். எங்கள் ஆள் கொழுப்பைச் சீவிவிட்டார், பையிலிருந்து மீட்டோம், கட்டி இருந்த இடத்தில் கத்தி படவில்லை, நோய் முழுதும் எடுபட்டதா என்று பார்க்கிற வெட்டு ஓரம் பத்திரமாக இருக்கிறது, எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுதுவேன், நோயாளியிடமும் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று.

"என் பேரையும் எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"பேரு எழுத மாட்டேன். நடந்தத எழுதுவேன்."

தனியாக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. எழுத்துக் கூட்டி முழுதும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் எதிர்வீட்டுக்காரி என்பதையும் அன்றே சொன்னேன். பிறகு எவராவது வந்து சொல்லி டாக்டரம்மா தலை குனியக் கூடாது. அவர், "தெரிஞ்சு சீவுனீங்களா?" என்றார். "நம்பரத்தாங்க பாத்தேன்" என்றேன். "நாளைக்கும் நம்பரையே பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம் என்னை மைக்ராஸ்கோப் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பெரிய டாக்டர் ஒருவர் ஆயாவை உட்காரச் சொன்னால் விஷயம் நல்லதல்ல என்று அர்த்தம்.

"மொதல்ல எடுத்த அஞ்சுலயும் ஒண்ணும் இல்ல" என்றார்.

தாளைத் திருப்பினார்.

"பையில இருந்து வந்த பதிமூணுல, மூணுல இருக்கு."

அன்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால், அந்த மூன்றும் எரிந்து சாம்பலாகியிருக்கும். பரவவில்லை என்று தாள் போயிருக்கும். அவள் வீட்டுக்கு வந்து வாசலில் கோலம் போட்டிருப்பாள். உள்ளே அது தன் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கும்.

"மூணுன்னா என்னாங்க?"

"ஒண்ணு ரெண்டுன்னா ஒரு படி. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் அடுத்த படி. ஏழும் அதுக்கு மேலயும்னா இன்னும் மோசம். இவங்க நடுப் படி."

"பொழைச்சுக்குவாளா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்குத் தெரியாது பேபியம்மா. படி ஏற ஏற கஷ்டம், அதான் உண்மை. ஆனா மருந்து இருக்கு, மருந்து போடணும்னு இப்பத் தெரியுது. எதோட சண்ட போடுறோம்னே தெரியாம வீட்டுக்கு அனுப்பல."

அவளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். சண்டை என்றால் பின்வாங்குகிறவள் இல்லை. பதினொரு வருஷம் நானே பார்த்தேனே.

அதற்குப் பிறகு இந்த அறையில் எந்தக் கொழுப்பையும் யாரும் சீவுவதில்லை. சுவரில் ஒட்டியிருக்கிறதே, அந்தக் காகிதம் எனக்காக ஒட்டியதுதான். நான் ஓய்வு பெறுகிற வரை குழாயோ குடலோ வந்தால், டாக்டர் தேடி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை தடவச் சொல்வார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள். தடவுங்கள், கிடைத்ததை அவர்களிடம் காட்டுங்கள். தப்புச் செய்தால், செய்யாமல் இருக்க மாட்டீர்கள், அந்த நிமிஷமே வாயைத் திறங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால் நாளைக்கு வண்டி போயிருக்கும்.

மருந்து ஏற்ற ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். அவள் உடம்பு பாதியாகிவிட்டது. ஒரு வேளைக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று அவள் மருமகள் குழாயடியில் சொல்லி அழுதாள். நான் நொய்யரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சி காய்ச்சினேன். தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறினேன். தெருவில் ஆறு வாசலில் ஆறு தலை எட்டிப் பார்த்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஏறுகிறேனே.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"டாக்டரு சொன்னாரு, எவளோ ஒரு ஆயா கொழுப்ப வெட்டித் தூக்கிப் போட்டுட்டாளாம். வண்டிய மறிச்சு எடுத்துட்டு வந்தாளாம்."

"ம்."

"முட்டி வலிக்காரியாம், வண்டிக்காரன்கிட்ட வாயாடுனாளாம். அவரு பேரு சொல்லல. எனக்கு வேற ஆளு தெரியலடி."

"நான்தான்" என்றேன். "வேணும்னு செய்யல. உன்னோடதுன்னும் தெரியாது."

அவள் கையை நீட்டினாள். தூக்குவாளி மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி, அது இறங்குகிறதா என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். இறங்கியது. பிறகு அந்த உடம்பில் எங்கே வைத்திருந்தாளோ அந்தக் குரலை, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"தூக்கிப் போட்டவளும் நீ, எடுத்துட்டு வந்தவளும் நீ, கஞ்சியில உப்புப் போடாதவளும் நீ! போடி, போயி உப்பு எடுத்துட்டு வா!"

இப்போது எப்படி இருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வாயில் நிற்கிறது, எனக்குத் தெரியும். முதலில் என்ன சொன்னேன்? நம்பர் போதும்.

நான் உப்பு எடுக்க வெளியே வந்தேன். வாசலில் பொம்பளைகள் கூட்டமே நின்றது.

"என்னாடி பேபி, என்ன சத்தம்? ரிப்போர்ட்டுல என்னாவாம்? நீ அங்கதான வேல பாக்குற, உனக்குத் தெரியாதா? என்னத்த தூக்கிப் போட்டியாம்?"

"உப்பு" என்றேன். "உப்பு கம்மியாம்."

உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் படி ஏறினேன். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டேன், இந்தத் தடவை உள்பக்கமாக.